பேறுகாலத்துக்கும் பாலூட்டும் காலத்துக்கும் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் உடை: அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்

மார்த்தாண்டம் ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்), பிப்ரவரி

அனைவருக்கும் வணக்கம். இது எனக்கு முதல் பேறு. இப்போது ஐந்தாம் மாதம் நடக்கிறது. ஜூன் கடைசி வாரத்தை மருத்துவர் குறித்துக் கொடுத்திருக்கிறார். மார்த்தாண்டத்துக்கு அருகில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஆசிரியைகள் சேலை கட்டித்தான் வர வேண்டும் என்பது அங்கே விதி, ஆகவே ஏப்ரலில் தேர்வு முடியும் வரை சேலையைத் தவிர்க்க வழியில்லை. ஸ்கேன், மருந்து, பேருந்துச் செலவு எல்லாம் போக உடைக்கென்று என்னால் எடுத்துவைக்க முடிவது 3,000 ரூபாய்தான். குழந்தை பிறந்த பிறகு பாலூட்டுவதற்கான உடைகளும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

சென்ற வாரம் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். ‘மேட்டர்னிட்டி’ என்று அட்டை தொங்கிய இரண்டு குர்தியும் ஒரு பேண்ட்டும் எடுத்தாலே கையிலுள்ள பணம் தீர்ந்துவிடும் என்று தெரிந்ததும் ஒன்றும் எடுக்காமல் திரும்பிவிட்டேன். பள்ளிக்கென்று வைத்திருக்கும் ஆறு ரவிக்கைகளும் இப்போதே அக்குளில் இறுக்குகின்றன. மாலையில் சேலையை அவிழ்த்தால் பாவாடை நாடா கட்டிய இடத்தில் சிவப்பாக ஒரு வரி பதிந்திருக்கிறது. இரவு வரை அரிக்கிறது. எதை முதலில் வாங்க வேண்டும், எதை வாங்காமலே சமாளிக்கலாம், எதை எந்த மாதத்தில் வாங்கினால் பணம் வீணாகாது என்பதை அனுபவப்பட்ட அக்காமார் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தக்கலை தையல்காரி

தங்கச்சி, மறுபடியும் கடைக்குப் போகும் முன் அந்த ஆறு ரவிக்கைகளையும் உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுப் பாருங்கள். நான் 22 ஆண்டுகளாகத் தைக்கிறேன். பக்கத் தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி மிச்சம் கிடக்கிறது என்பதில்தான் உங்கள் செலவில் பாதி அடங்கியிருக்கிறது. பொறுப்பாகத் தைப்பவர்கள் ஒவ்வொரு பக்கமும் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வரை உள்ளே விட்டு, ஒன்றை ஒட்டி ஒன்றாக இரண்டு மூன்று வரித் தையல் போட்டிருப்பார்கள். முன்துண்டிலும் பின்துண்டிலும் அரை அங்குலம் விட்டால் ஒரு பக்கத்துக்கு ஓர் அங்குலம், இரு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு அங்குலம் சுற்றளவு கூடும். முழு அங்குலம் விட்டால் நான்கு அங்குலம் கூடும். பக்கத் தையல் கைக்குள்ளும் ஓடுவதால் அக்குள் இறுக்கமும் அதோடு தீரும். ஒரே தடவையில் எல்லா வரியையும் பிரித்துவிடாதீர்கள். இப்போது ஒரு வரி, ஏழாம் மாதத்தில் இன்னொரு வரி என்று பிரித்தால் ரவிக்கை உடம்போடு சேர்ந்தே வளரும். பழைய தையலின் ஊசித்துளைகள் வரியாகத் தெரிந்தால், ஒரு முறை நனைத்து, ஈரம் முழுதும் காயும் முன் இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

உள்ளே துணியே விடாமல் ஓவர்லாக் அடித்து முடித்த ரவிக்கையாக இருந்தால், கை ஓரத்திலிருந்து இடுப்பு ஓரம் வரை அதே நிறத்தில் இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தைத்துவிடலாம். இடப்பக்கத்தை முந்தானை மறைத்துவிடும், வலப்பக்கம் கையைத் தூக்கினால்தான் தெரியும். கரும்பலகையில் எழுதும் வேலை என்பதால் வலப்பக்கத்துக்கு நிறம் பொருத்தமாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

புதிதாகத் தைப்பதானால் ஏழாம் மாதத்தில் இரண்டு மட்டும் தையுங்கள். டூ பை டூ பருத்தித் துணி, முன்கொக்கி, உள்ளே இரண்டு அங்குலம் மிச்சம். பேட் வேண்டாம், பின்கொக்கி வேண்டவே வேண்டாம். முன்கொக்கி ரவிக்கையைக் கீழிருந்து இரண்டு மூன்று கொக்கி கழற்றிப் பால் கொடுக்கலாம், மேலே உள்ளவை அப்படியே இருக்கும், முந்தானை மீதியை மறைக்கும். கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு வருவதைவிட இதில் உடம்பு வெளியே தெரிவது மிகவும் குறைவு. நாம் அன்றாடம் கட்டும் சேலையும் முன்கொக்கி ரவிக்கையுமே பாலூட்டுவதற்கு நல்ல உடைதான் என்பதைக் கடையில் தொங்கும் அட்டை நமக்குச் சொல்வதில்லை.

பாவாடைக்கு நாடாவை உருவிவிட்டு இரண்டு அங்குல அகல எலாஸ்டிக் வைத்துக்கொள்ளுங்கள். அதை வயிற்றுக்கு மேலே ஏற்றாமல் கீழே, இடுப்பெலும்பில் அமரும்படி உடுத்துங்கள். வயிறு முன்னால் வர வர சேலையின் முன்பக்கம் தரையை விட்டு மேலே தூக்கும்; ஆகவே கொசுவத்தை எடுத்துச் செருகும்போதே முன்பக்கத்தை இரண்டு விரற்கடை தாழ்த்திக் கட்டினால் நாள் முழுதும் சமமாக நிற்கும்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், நாகர்கோவில்

தையல்காரத் தங்கச்சி சொன்னதெல்லாம் சரி. நான் சொல்ல விரும்புவது பணத்தை எங்கே குறைக்கக் கூடாது என்பதை. ரவிக்கையைப் பிரித்துத் தைக்கலாம், நைட்டியை இரவல் வாங்கலாம். ஆனால் உள்ளாடையை மட்டும் அளவு பார்த்து, நல்லதாக, புதிதாக வாங்குங்கள் மக்களே. இறுகிய பட்டையும் கம்பி வைத்த பிராவும் மார்பை ஓரிடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே பால் கட்டிக்கொள்ளும். கல் போல ஒரு கட்டி, பிறகு சிவப்பு, பிறகு குளிரோடு காய்ச்சல். பால் கட்டிய தாய்மாரை அந்த வலியோடு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அவர்களில் சிலர் வீட்டில் இருந்த பழைய பிராவையே ‘இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

எப்போது வாங்குவது என்று கேட்டீர்கள். இப்போது பட்டை இறுகினால் புது பிரா வாங்காதீர்கள். ஃபேன்சி கடையில் கொக்கி நீட்டிப்பு என்று சிறிய துண்டு கிடைக்கும், பிரா எக்ஸ்டெண்டர் என்று கேட்டால் தருவார்கள். அதை மாட்டி எட்டாம் மாதம் வரை ஓட்டலாம். எட்டாம் மாத முடிவில் இரண்டு ஃபீடிங் பிரா வாங்குங்கள். கர்ப்பத்தில் விலாவும் விரிந்திருக்கும், பேற்றுக்குப் பிறகு அது சுருங்கும். ஆகவே வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில் சரியாக இருக்க வேண்டும், அப்போதுதான் பிறகு உள்ளே இறுக்கிக்கொள்ள இடமிருக்கும். கிண்ணத்தில் சிறிது தளர்வு விட்டுப் பாருங்கள். பேற்றுக்குப் பின் மூன்றாம் நான்காம் நாளில் பால் இறங்கும்போது மார்பு மிகவும் வீங்கிவிடும். அந்த வாரத்தின் அளவை நம்பி ஒன்றும் வாங்காதீர்கள். சில வாரங்களில் அடங்கிவிடும். மூன்றாவது பிராவை அதன் பிறகு வாங்கினால் போதும்.

பால் கசிவுக்குக் கடையில் விற்கும் பேடு தேவையில்லை. பழைய பருத்தி வேட்டியை உள்ளங்கை அகலத்தில் வட்டமாக வெட்டி, நான்கைந்து மடிப்பு சேர்த்து ஓரம் தைத்தால் ஆயிற்று. ஈரமானதும் மாற்ற வேண்டும் என்பதே முக்கியம். நனைந்த துணி காம்பை ஒட்டிக் கிடந்தால் தோல் ஊறி வெடிக்கும், பூஞ்சைத் தொற்றும் வரும்.

நம் பக்கம் பேற்றுக்குப் பிறகு வயிற்றில் பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டும் வழக்கம் உண்டு. மூச்சுவிடவும் குனியவும் தடையில்லாமல் ஆதரவாகக் கட்டினால் தவறில்லை. இறுக்கிக் கட்டினால் வயிறு உள்ளே போகும் என்று நம்பி மூச்சுமுட்டக் கட்டாதீர்கள். கருப்பை ஏறத்தாழ ஆறு வாரத்தில் தானாகச் சுருங்கிவிடும். அறுவை நடந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கட்டவே கூடாது. பேறு முடிந்து வீடு திரும்பும்போதும் வயிறு ஐந்து மாதம் போலத்தான் இருக்கும், அதனால் மருத்துவமனைப் பையில் பழைய அளவு உடையை வைக்காதீர்கள்.

உடையோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாதத்திலேயே மோதிரங்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருப்பும் வளையலும் மெதுவாக இறுகுவது இயல்பு. ஓரிரு நாளில் கையும் முகமும் சட்டென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்து வந்தால், பெரிய அளவுச் செருப்பு வாங்கப் போகாமல் அன்றே போய் இரத்த அழுத்தம் பாருங்கள்.

அரசு மருத்துவமனையில் பேறு பார்க்கும் எண்ணம் இருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு உங்களுக்குத் தகுதி உண்டா என்று உங்கள் பகுதிச் செவிலியரிடம் கேளுங்கள். மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள அந்த உதவியில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். அது உங்கள் சாப்பாட்டுக்கான பணம், துணிக்குத் திருப்பாதீர்கள்.

குளச்சல் அம்மா

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் டிசம்பரில் பிறந்தான், இளையவள் ஜூலையில். உங்களுக்கும் ஜூன் கடைசி என்பதால் இதை எழுதுகிறேன். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. டிசம்பர் குழந்தைக்கு மூன்று நைட்டி தாராளமாகப் போதுமானதாக இருந்தது. ஜூலையில் அதே மூன்று நைட்டியோடு நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. பாலும், பிள்ளை கக்கியதும், பேற்றுக்குளிக்குத் தேய்த்த எண்ணெயும் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு நைட்டி நனையும், கொடியில் கிடப்பதோ எல்லாம் ஈரமாக இருக்கும். கடைசியில் என் கணவரின் பழைய பருத்திச் சட்டைகள்தாம் கைகொடுத்தன. முன்னால் முழுக்கப் பொத்தான், நீளக் கை, பல முறை துவைத்து மெத்தென்று ஆன துணி. கீழே ஒரு பாவாடை கட்டிக்கொண்டால் வீட்டுக்குள் இதைவிடச் சுகமான உடை இல்லை. குறைமாதக் குழந்தையை மார்போடு தோலில் ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லும் நிலை வந்தாலும் இந்தச் சட்டைதான் வசதி.

ஆகவே விலைகூடிய இரண்டு நைட்டியைவிட, மலிவான துணிகள் எண்ணிக்கையில் நிறைய இருக்கட்டும். பால் கசிவுக்கான துணி வட்டம் குறைந்தது பன்னிரண்டு வேண்டும். ஈரிழைத் துவர்த்து, அதாவது துண்டு, நான்கு எடுத்துவையுங்கள். அது மழையிலும் மின்விசிறிக்குக் கீழே சீக்கிரம் காயும், நைட்டியின் மேல் தோளில் போட்டால் பால் கொடுக்கும்போது மறைப்பாகும், பிள்ளையின் வாய் துடைக்கவும் அதுவே ஆகும். கடையில் பாலூட்டும் போர்வை என்று தனியாக விற்கிறார்கள், துவர்த்து இருக்கும்போது அது எதற்கு?

கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உப்புக் காற்றில் இரும்புக் கொக்கி ஓரிரு மாதத்தில் துருப்பிடித்து ரவிக்கையில் கறையை இறக்கிவிடும், அந்தக் கறை எளிதில் போகாது. தைக்கக் கொடுக்கும்போதே பித்தளைக் கொக்கியும் நைலான் சிப்பும் கேட்டு வாங்குங்கள்.

நாகர்கோவில், வங்கி ஊழியர்

எல்லோரும் வாங்காதே வாங்காதே என்று சொல்வதால் சிறிது மாறுபட்டுச் சொல்கிறேன். முதல் குழந்தைக்கு நான் மலிவு பார்த்து மூன்று முறை ஃபீடிங் பிரா வாங்கினேன். முதலாவதில் ஒரே துவைப்பில் எலாஸ்டிக் தளர்ந்தது, இரண்டாவதில் கொக்கி பிய்ந்தது, மூன்றாவதில் கிண்ணம் திறந்தாலும் துணி விலகவில்லை. அந்த மூன்றின் விலைக்கு ஒரு நல்லதை வாங்கியிருக்கலாம். கடையில் திறந்து மூடிப் பாருங்கள், ஒரு கையால், பார்க்காமல். உங்கள் இன்னொரு கையில் பிள்ளை இருக்கும்.

அலுவலகத்தில் சுடிதார் போடுபவர்களுக்குப் பாலூட்டும் குர்தி ஒன்றாவது தேவைப்படும் என்றே நினைக்கிறேன். பக்கவெட்டுக் குர்தியைக் கீழிருந்து தூக்கிப் பால் கொடுத்தால் வயிறும் இடுப்பும் வெளியே தெரியும். உள்ளே ஒரு பனியனை மார்புக்குக் கீழே வெட்டிப் போட்டுக்கொண்டு நான் அதைச் சமாளித்தேன், ஆனால் வெயில் நாளில் புழுக்கம் தாங்கவில்லை.

அருமனை, முந்திரி ஆலைத் தொழிலாளி

இங்கே ஆசிரியையும் வங்கி ஊழியரும் எழுதியிருக்கிறீர்கள். எங்களைப் போல அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், இருப்பவர்களுக்கு உடைச் சிக்கல் வேறு. முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொள்ளவைக்கும். கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டுதான் தோடு உடைக்கிறோம். அந்தக் கறை பட்ட ரவிக்கையோடு பிள்ளையை அணைத்தால் அதன் கன்னம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நான் வேலைக்கு மேலே ஒரு பழைய முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வேன். வீட்டு வாசலிலேயே அதைக் கழற்றித் தனி வாளியில் போட்டு, கையை முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவி, வேறு ரவிக்கை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தொடுவேன். பசியில் அது அழும், நான் கொக்கியை மாட்டிக்கொண்டிருப்பேன். அந்த ஐந்து நிமிடம் மனம் துடிக்கும், ஆனாலும் மாற்றாமல் ஒரு நாளும் எடுத்ததில்லை. வேலையுடையைத் துவைப்பதும் தனிதான், பிள்ளைத் துணியோடு சேர்க்கவே கூடாது.

நாள் முழுதும் குத்துக்காலிட்டும் சம்மணமிட்டும் உட்காரும் வேலைக்கு எலாஸ்டிக் பாவாடையும் மடிந்து வெட்டும். நான் ஆறாம் மாதத்திலிருந்து நைட்டியும் மேலே சட்டையுமாகத்தான் போனேன். இன்னொன்று, குழந்தைக்குப் 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கருங்கல் ஊரிலிருந்து ஒரு கணவர்

என் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம், படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்கு நான்தான் போக வேண்டும். என்ன அளவு சொல்லிக் கேட்பது?

தக்கலை தையல்காரி

தம்பி, தையல் நாடாவால் இரண்டு அளவு எடுங்கள்: மார்புக்கு நேர் கீழே விலாவைச் சுற்றி ஒன்று, மார்பின் மிக உயர்ந்த இடத்தில் தளர்வாக ஒன்று. இரண்டையும் அங்குலத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கடையில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்து, “ஃபீடிங் பிரா, கம்பி வேண்டாம், பருத்தி” என்று சொன்னால் போதும். அளவு சரியில்லையென்றால் மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டு, ஒன்று மட்டும் வாங்கி வந்து போட்டுப் பார்த்த பிறகு இரண்டாவதை வாங்குங்கள்.

இதோடு நைட்டிக்கும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறீர்கள். இருக்கிற நைட்டியிலேயே இருபக்கமும் எட்டு அங்குல நைலான் சிப் வைக்கலாம். நைட்டியைப் போட்டு, உள்ளே பிராவும் போட்டு, மார்பின் நடுவுக்கு நேராகச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். மேசைமேல் விரித்து மதிப்பாக வைத்தால் இடம் தவறிவிடும். சிப்பின் பல்லை மூடும்படி ஒரு மடிப்பும், கீழ்முனையில் சிறு ஒட்டுத்துணியும் கட்டாயம் வேண்டும். பிள்ளையின் கன்னம் போய்ப் படும் இடம் அது.

மார்த்தாண்டம் ஆசிரியை, மே

எல்லோருக்கும் நன்றி. இதுவரை ஆன செலவை எழுதுகிறேன், எனக்குப் பின்னால் வருபவர்களுக்கு உதவும். ஆறு ரவிக்கைகளில் நான்கில் உள்ளே துணி இருந்தது, இரண்டுக்குப் பட்டி வைக்க வேண்டியதாயிற்று. அதற்கு 300 ரூபாய். புதிய ரவிக்கை இரண்டு, துணியும் தையலுமாக 740. பாவாடை இரண்டுக்கு எலாஸ்டிக் மாற்ற 120. கொக்கி நீட்டிப்பு 50. ஃபீடிங் பிரா இரண்டு 640. ஃபீடிங் நைட்டி புதிதாக இரண்டு 760, பழைய நைட்டி இரண்டுக்குச் சிப் வைக்க 180. ஆக 2,790 ரூபாய். துவர்த்தும் பழைய வேட்டியும் அம்மா வீட்டிலிருந்து வந்தன, அப்பாவின் சட்டைகள் நான்கும் வந்தன. ஏழாம் மாதச் சடங்குக்குப் புதுப்பட்டு எடுக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, கல்யாணச் சேலையையே கட்டிக்கொண்டு ரவிக்கையை மட்டும் பிரித்துவிட்டேன். அந்த ரவிக்கையில் இரண்டு அங்குலம் விட்டுத் தைத்திருந்த அந்தப் பெயர் தெரியாத கைக்கு மனமார நன்றி சொன்னேன்.

மார்த்தாண்டம் ஆசிரியை, ஆகஸ்ட்

பெண் குழந்தை, நலம். அறுவை செய்துதான் எடுத்தார்கள். நாங்கள் யாருமே எதிர்பாராத ஒன்று இதில் நேர்ந்தது: இடுப்பெலும்பில் அமரும்படி அத்தனை கவனமாகத் தைத்த எலாஸ்டிக் சரியாக அறுவைத் தையல் போட்ட இடத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தது. ஒரு மாதம் பாவாடையே உடுத்த முடியவில்லை. அப்பாவின் சட்டைக்குக் கீழே ஒன்றும் கட்ட முடியாததால் நைட்டி மட்டும்தான் உடை. நான்கு நைட்டி மழையில் போதவில்லை, அக்கா ஒருத்தி இரண்டு கொடுத்தாள். குளச்சல் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மூன்றாவது பிரா 320 ரூபாய், ஆகக் கணக்கு 3,110 ஆகிவிட்டது.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போய்த் திரும்பும்போது பேருந்து நிலையத்தில் மழை. பிள்ளை ஊசி வலியில் வீறிட்டு அழுதது. 2015இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் திறக்கத் தொடங்கிய பாலூட்டும் அறைகளைத் தேடிப் போகும் அளவுக்குப் பொறுமை அதற்கு இல்லை. இருந்த இருக்கையிலேயே உட்கார்ந்து, முந்தானையை முன்னால் இழுத்துவிட்டு, இடக்கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வலக்கையின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ரவிக்கையின் கீழ்க்கொக்கி இரண்டை நெம்பினேன். பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா தன் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து, சாரல் பிள்ளையின் காலில் அடிக்காமல் பிடித்துக்கொண்டார். பேருந்து வரும்வரை அப்படியே பிடித்திருந்தார்.

ரவிக்கைகள் இப்போது சிறிது தளர்வாகத் தெரிகின்றன. பிடித்துத் தைத்துவிடலாமா?

தக்கலை தையல்காரி

வேண்டாம் தங்கச்சி. பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்து கூழும் சோறும் ஊட்டத் தொடங்கிய பிறகும் பால் குடித்துக்கொண்டுதான் இருப்பாள், உடம்பும் அதுவரை ஏறி இறங்கும். பள்ளிக்குத் திரும்பும்போது ஒரு வரி மட்டும் பெரிய தையலாக ஓட்டித் தருகிறேன், இழுத்தால் வந்துவிடும். உள்துணியை மட்டும் யார் சொன்னாலும் வெட்டிவிடாதீர்கள்.